நெருப்பறிந்த மண்ணிலிருந்து மலைக்குச் செல்வோர்க்கு

 

பெருநாள் தொழுகை முடிந்து, உறவினர் வீடுகளுக்கெல்லாம் சென்று வந்த பின், மறுநாள் காலையில் நம் இல்லங்களில் எழுகின்ற கேள்வி ஒன்றே. "இன்று பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது?" விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இக்கேள்விக்கான விடை மேற்குத் திசையிலேயே இருக்கிறது. கரிசல் மண்ணும் வேலிக்கருவேலும் மருந்து நெடியும் சூழ்ந்த நம் ஊர்களிலிருந்து ஒரு மணி நேரம் வண்டியில் சென்றால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு, இராஜபாளையத்திற்கு மேற்கே அய்யனார் அருவி, வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல் அணை, தாணிப்பாறை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் நம்மை வரவேற்கக் காத்திருக்கிறது.

வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, பெரிய சட்டியையும் அரிசியையும் இறைச்சியையும் ஏற்றிக்கொண்டு, மூன்று தலைமுறையினரும் ஒன்றாகப் புறப்படுவது நல்ல வழக்கமே. ஆண்டு முழுவதும் அடுப்படியிலும் கடையிலும் ஆலையிலும் கழிகின்ற வாழ்வில், ஒரு நாளேனும் மரநிழலில் நடந்து, ஓடை நீரில் கால் நனைத்து வருவது உடலுக்கும் உள்ளத்திற்கும் தேவையானது. ஆயினும், போவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன. அவற்றை அறியாமற் சென்றோர்க்கு நேர்ந்தவற்றையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் இம்மாதம் மலையேற்றத்தைப் பற்றியே உங்களோடு பேச விழைகிறேன்.

நாம் செல்லும் இடம் எது?

"சும்மா பக்கத்திலிருக்கும் மலைதானே" என்று எண்ணுவோர் நம்மில் பலர். அந்த மலை இன்று புலிகள் காப்பகம் என்பதை அவர்கள் அறிவரோ? 1988ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடுகள் சாம்பல் நிற அணில்களுக்கான வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பின்னர் 2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகம் இது; தமிழகத்தில் ஐந்தாவது. இதன் பரப்பு 1016 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். மறுபுறம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு இக்காடு ஒட்டிக் கிடக்கின்றது. யானையும் சிறுத்தையும் கரடியும் காட்டுமாடும் மாநில எல்லைக் கோட்டைப் பார்த்தா நடக்கின்றன? நாம் நடக்கின்ற ஒற்றையடிப் பாதையே அவற்றின் வழியுமாகும்.

இக்காட்டிற்குப் பெயர் தேடித் தந்த சாம்பல் நிற அணிலைச் சற்றே கவனியுங்கள். நம் வீட்டு முற்றத்து அணிலை விடப் பன்மடங்கு பெரியது. நீண்டு அடர்ந்த வாலுடையது. தரையில் இறங்குவதை இயன்றவரை தவிர்த்து, கிளைக்குக் கிளை தாவியே வாழ்நாளைக் கழிப்பது. ஓடையோரத்து மரங்கள் ஒன்றோடொன்று தலை கோத்து நின்றால்தான் அதற்குப் பாதை உண்டு. இடையில் ஒரு மரம் வீழ்ந்தாலும் அதன் பாதை அறுந்து போகும். விறகுக்கென்று நாம் ஒடிக்கும் கிளை யாருடைய பாலம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி மற்றொன்று. விருதுநகர் மாவட்டம் மழைமறைவுப் பகுதியில் அமைந்த வறண்ட மாவட்டம் என்பது யாவரும் அறிந்ததே. குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த அனுபவம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிதன்று. இந்த வறண்ட நிலத்திற்கு வைப்பாற்றின் கிளைகள் வழியே நீர் வருவது அம்மலைக் காடுகளிலிருந்தேயாகும். இராஜபாளையம் நகரத்தார் அருந்தும் நீரில் ஒரு பகுதி, அய்யனார் கோயில் ஆற்றிலிருந்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திற்கு வந்து சேர்வதே. மேலே அருவிக்கரையில் நாம் எறியும் எச்சிற்பொருளும் சோப்பு நுரையும் கீழே யாருடைய குடத்திற்குப் போகின்றன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கந்தகபூமி கற்றுத் தந்த ஒழுங்கு

காட்டில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நாம் வெளியூர்ப் புத்தகங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைத் தொழிலாளியைப் பார்த்தாலே போதும்.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டில் இங்கே அதனைத் தொடங்கினர். நூறாண்டுகளைக் கடந்துவிட்ட அத்தொழிலும் அதன் வழி வந்த பட்டாசுத் தொழிலும் இம்மக்களுக்கு நெருப்பைப் பற்றிய அறிவைப் பட்டுப் பட்டுக் கற்பித்திருக்கின்றன. ஆலை வாயிலில் தீப்பெட்டியும் பீடியும் கைப்பேசியும் நின்றுவிடும். உள்ளே செல்வோர் பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். உராய்வில் மின்னூட்டம் கொள்ளும் செயற்கை இழை ஆடை கூடாது. மருந்தறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடலின் மின்னூட்டத்தை நிலத்தில் இறக்க வேண்டும். ஓர் அறையில் இத்தனை பேர்தாம் என்ற கணக்குண்டு. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கலாகாது. இடி மின்னல் கண்டால் வேலையை நிறுத்தி வெளியேற வேண்டும். போர்மேன் சொன்ன சொல்லை மீறலாகாது.

இவ்விதிகளில் ஒன்று தவறினாலும் விளைவது யாதென்பதை நாம் கண்கூடாகக் கண்டவர்கள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். புகையைக் கண்டு பார்க்கவும் காப்பாற்றவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊரார். ஆபத்தான இடத்தில் எப்போது உள்ளே போகலாம், எப்போது விலகி நிற்க வேண்டும் என்ற அறிவே உயிர் காக்கும் அறிவு என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று.

இதே மக்கள், இதே அறிவோடு, மலையடிவாரத்தில் வேனை விட்டு இறங்கியதும் சருகின் நடுவே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவதைக் காண்கையில் வியப்பே மேலிடுகிறது. ஆலைக்குள் ஒரு தீக்குச்சிக்கு அஞ்சுகின்றவர், கோடையில் காய்ந்து கிடக்கும் காட்டுக்குள் பீடித் துண்டை அணைக்காமல் எறிகிறார். காய்ந்த காடு மருந்தறையே என்பதை அவர் எண்ணுவதில்லை.

குரங்கணி தரும் பாடம்

தேனி மாவட்டத்துக் குரங்கணியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர், 40 பேருக்குச் சற்றுக் குறைவானோர், குரங்கணி – கொழுக்குமலைச் சரிவில் இருந்தனர். அவர்களுள் இளம்பெண்களே மிகுதி. ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நின்ற புல்வெளியில் தீ பரவியது. புகை சூழ்ந்த சரிவில் திசை அறியாமல் சிதறி ஓடினர். சிலர் பள்ளத்தில் வீழ்ந்தனர். முதலில் ஓடிச்சென்று தோளிலும் போர்வையிலும் சுமந்து வந்தவர்கள் அவ்வூர் மக்களே. பின்னர் விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆயினும் அன்றும், அடுத்து வந்த நாட்களில் மருத்துவமனைகளிலுமாக 23 உயிர்கள் பிரிந்தன. அவர்கள் சென்ற பாதைக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று வனத்துறையினர் பின்னர் தெரிவித்தனர்.

இத்துயரிலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, காலம். மழை நின்று, பனி விலகி, பிப்ரவரி நடுவிலிருந்து காடு காயத் தொடங்குகிறது. இலையுதிர் மரங்கள் சருகை உதிர்க்கின்றன, புல் வைக்கோலாகிறது. இதனை முன்னிட்டே குரங்கணிக்குப் பின் 2018இல் தமிழக அரசு மலையேற்றத்திற்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2025ஆம் ஆண்டிலும் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. பள்ளி விடுமுறைக்கு நாம் காத்திருக்கலாம். காட்டின் நாட்காட்டியை நாம் மாற்ற இயலாது.

இரண்டாவது, தீயின் இயல்பு. சமநிலத்தில் தீ காற்றின் போக்கில் செல்லும். மலைச்சரிவிலோ அது மேல்நோக்கிப் பாயும். சூடான காற்று மேலெழுந்து மேலேயுள்ள புல்லை முன்னதாகவே காய்ச்சித் தருகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்பு வல்லுநர் கொண்டுள்ள பொதுக்கணக்கு. மேட்டில் ஏறுகின்ற மனிதனின் வேகமோ பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே தீக்கு முன்னால் மேல்நோக்கி ஓடுவது வீண். பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலம் ஆகியவற்றை அடைய முயல வேண்டும். புகை அடர்ந்தால் தாழக் குனிந்து, நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். குழுவைப் பிரியலாகாது.

மூன்றாவது, ஆடை. நைலான், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பட்டாசு ஆலை விதித்த பருத்தி ஆடை மலைக்கும் பொருந்தும். நம் பெண்கள் அணியும் புர்காக்களில் பலவும் செயற்கைத் துணியால் ஆனவை. மலைக்குச் செல்லும் நாளில் பருத்தித் துணியில் தைத்ததையே தேர்ந்து கொள்ளுங்கள், கணுக்காலளவில் நிற்கட்டும், உள்ளே தளர்ந்த பருத்திக் காற்சட்டை இருக்கட்டும். கல்லிலும் முள்ளிலும் தடுக்கி விழாமலும் அட்டைப்பூச்சி ஏறாமலும் இது காக்கும். பிடிப்புள்ள காலணி அனைவர்க்கும் அவசியம். வழுக்கும் ரப்பர்ச் செருப்பு பாறையில் பகைவனாகும்.

நெருப்பு மட்டுமன்று, நீரும்

கோடையில் தீ என்றால், மழைக்காலத்தில் வெள்ளம். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்குச் செல்லும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மலைப்பாதை, நம் இந்து சகோதரர்கள் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பெருந்திரளாகச் செல்லும் வழி. வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, மாங்கேணி ஓடை என்று அப்பாதையின் இடங்கள் பெயராலேயே எச்சரிக்கின்றன. 2015 மே மாதத்தில் அமாவாசைக்கு வந்திருந்தவர்களுள் பலரை, திடீரென்று பெருகிய ஓடை வெள்ளம் அடித்துச் சென்றது. மாண்டவர்கள் கவனமற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. மலை நீரின் தன்மை அத்தகையது. உச்சியில் பெய்த மழையைக் கீழே நிற்பவர் காண்பதில்லை. தலைக்கு மேல் வெயில் அடிக்கும்; கணுக்கால் நீர் சில நிமிடங்களில் இடுப்பளவாகும்.

ஓடை நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேலிருந்து இரைச்சல் கேட்டாலும், அக்கணமே கரையேறுங்கள். அக்கரையில் உணவுப்பையும் செருப்பும் கிடக்கின்றன என்று எவரும் திரும்பிச் செல்ல வேண்டாம். முழங்காலளவு நீரேயாயினும் விரைந்தோடினால் வலுவான ஆளையும் சாய்த்துவிடும். வெள்ளம் வடியும் வரை உயர்ந்த இடத்தில் காத்திருப்பதில் இழப்பு ஏதுமில்லை; வீடு சேரச் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே.

அனுமதி ஏன்?

"கடவுள் படைத்த மலைக்கு மனிதனிடம் ஏன் அனுமதி?" என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதி பெறுவது என்பது, நாம் இத்தனை பேர், இந்தப் பாதையில், இந்த நேரத்தில் உள்ளே இருக்கிறோம் என்பதைப் பொறுப்புள்ள ஒருவருக்குத் தெரிவித்துச் செல்வதாகும். நாம் திரும்பாவிட்டால் தேடிவர ஒருவர் வேண்டுமல்லவா? மேலும், அன்றைய நாளில் எங்கே யானைக் கூட்டம் நிற்கிறது, எந்த ஓடையில் நீர் பெருகியிருக்கிறது என்பதை வனக் காவலரே அறிவார்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக உள்ளது. அனுமதியின்றிச் சரணாலயத்தினுள் நுழைவது குற்றம். அங்கே தீ மூட்டுவதும், மூட்டிய தீயை அணையாமல் விட்டு வருவதும் குற்றம். வனவிலங்குகளுக்கு ஊறு செய்யக்கூடிய வெடிபொருளைப் பயன்படுத்துவதும் குற்றம். நம் பகுதியினர் இக்கடைசி விதியைக் குறித்துக்கொள்க. "நம் ஊர்ச் சரக்குத்தானே" என்று பையில் நான்கு சரவெடியைப் போட்டுக்கொண்டு மலையில் எதிரொலி கேட்க வெடிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் புறப்படுமுன்பே பையைப் பார்த்துவிடுவது நலம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களைச் சேர்ந்த 40 பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன. இணையத்தின் வழி பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லலாம். அவ்வழிகாட்டிகளில் பலர் மலையோரத்துப் பழங்குடி இளைஞர்கள். சதுரகிரி, அய்யனார் அருவி போன்ற இடங்களுக்கு வனத்துறை குறிக்கும் நாளும் நேரமும் மழைக்கும் தீ அபாயத்திற்கும் ஏற்ப மாறும். ஆதலின் முன்னாள் மாலையிலேயே வனச்சரக அலுவலகத்திலோ சோதனைச் சாவடியிலோ கேட்டறிந்து புறப்படுங்கள். "இன்று இல்லை" என்றால் வாதாடாமல் திரும்புங்கள். கையில் காசை வைத்து வழி கேட்பது நமக்கு நாமே குழி பறிப்பதாகும்.

நம் மலையடிவாரங்களில் பளியர் குடியிருப்புகள் உள்ளன. தேனும் கிழங்கும் மூலிகையும் தேடி அக்காட்டோடு வாழ்ந்து வரும் மக்கள் அவர்கள். அவர்தம் குடிசை வாயிலில் நின்று கேளாமற் படம் எடுப்பதும், குழந்தைகளுக்கு மிட்டாயை எறிவதும் பண்பன்று. தேன் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வழி சொன்னால் கேளுங்கள். காட்டைப் பற்றி அவர்களில் ஒரு சிறுவன் அறிந்த அளவு நம்மில் படித்தவர் அறியோம்.

நடக்கும்போது

மலைப்பாதையில் வரிசையாக நடப்பதே முறை. முன்னே வழியறிந்தவர், பின்னே வலுவான ஒருவர், நடுவே குழந்தைகளும் முதியோரும். எல்லோரிலும் மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். குறுக்கு வழி வேண்டாம். நான்கு பேர் மிதித்த குறுக்குத் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகி, மண்ணை அரித்துப் பாதையையே கொண்டுபோகும். பாறையில் பெயர் எழுதுவதும், மரப்பட்டையில் செதுக்குவதும், செடியைப் பிடுங்கி வருவதும் வேண்டாம்.

பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மூங்கில் முறியும் ஓசையும் காட்டுக்கோழியின் அபாயக் குரலும் காதில் விழ வேண்டுமானால் நாம் அமைதியாக இருக்க வேண்டும். யானையின் ஈரச் சாணத்தைக் கண்டால் நின்று, வழிகாட்டி சொல்வதைக் கேட்டு, வந்த வழியே திரும்புங்கள். கைப்பேசியில் படமெடுக்க நெருங்கியோர் திரும்பாத செய்திகளை நாளேடுகளில் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் நீராவது கைவசம் இருக்கட்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஒரு புட்டியில் தனியே இருக்கட்டும். தலைசுற்றல், குமட்டல் கண்டால் உடனே நிழலில் அமரச் செய்யுங்கள். பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கு. கடியுண்ட உறுப்பை அசைக்காமல், நடக்க விடாமல் தூக்கி வந்து, 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்கே செல்லுங்கள். நஞ்சு முறிவு மருந்து அங்கே கிடைக்கும்.

உணவும் குப்பையும்

இப்போது பிரியாணிச் சட்டிக்கு வருவோம்! சகோதரிகளே, வருந்த வேண்டாம். பிரியாணியை விட்டுவிடச் சொல்லவில்லை. வீட்டிலேயே சமைத்து, சூடு குறையாமல் மூடிக் கொண்டு வாருங்கள். அடிவாரத்தில், அனுமதிக்கப்பட்ட இடத்தில் உண்ணுங்கள். காட்டுக்குள்ளே கொண்டு செல்வது பேரீச்சம்பழம், வறுத்த கடலை, ரொட்டி என்று மணம் பரப்பாத சிற்றுணவாகட்டும். எலும்பும் எச்சிற்சோறும் தாமே மக்கிவிடும் என்று எண்ணி விட்டு வருகிறோம். அவை காட்டுப்பன்றியையும் குரங்கையும் பாதைக்கு வரவழைக்கின்றன. மனிதர் உணவில் ருசி கண்ட குரங்கு, அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பறிக்கத் தொடங்கும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உண்டு. ஆயினும் மலையில் அவை குறைந்தபாடில்லை. 2025 மே மாதத்தில் கோவை மருதமலை அடிவாரத்தில் கருவுற்றிருந்த பெண் யானை ஒன்று இறந்தது. உடற்கூறாய்வில் அதன் வயிற்றில் பிளாஸ்டிக் குப்பை காணப்பட்டது. உப்பும் உணவு மணமும் ஒட்டிய உறையை யானை பிரித்துப் பார்த்தா உண்ணும்? நம் பையிலிருந்து போனது அதன் வயிற்றில் போய்ச் சேர்கிறது.

குழந்தையின் இடுப்புக்கச்சையையும் பெண்களின் விலக்குநாள் அணையாடையையும் பற்றிப் பேச நாம் கூசுகிறோம். அக்கூச்சத்தால்தான் அவை ஓடையோரப் புதர்களில் கிடக்கின்றன. மூடியுள்ள ஒரு பையை இதற்கென்றே எடுத்துச் சென்று, வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள். இயற்கைக் கடனுக்கு ஓடையிலிருந்து 70 அடியெடுப்புக்கு அப்பால் ஒதுங்கி, அரையடிக் குழி தோண்டி மண்ணிட்டு மூடுங்கள். பாதையிலும், மக்கள் அமரும் நிழலிலும், நீர்நிலையிலும் மலஜலம் கழிப்பதை நம் மார்க்கம் முன்னரே தடுத்திருக்கிறது. நமக்கு இது புதிய பாடமன்று.

தொழுகை வேளை

லுஹர் வேளை மலையிலேயே வந்துவிடும். ஒளூவிற்கு ஓடையில் இறங்கி நீரைக் கலக்க வேண்டியதில்லை. ஒரு சிறு குவளையில் முகந்து, கரையிலிருந்து விலகி அமர்ந்து செய்யலாம், சோப்பு வேண்டாம். ஓடும் நதியின் கரையில் இருந்தாலும் ஒளூவில் நீரை விரயம் செய்யலாகாது என்ற போதனையை மதரஸாவில் ஓதியவர்கள் நாம். கிப்லா நம் பகுதிக்கு மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். பாதையை அடைக்காமல், பாறையோரத்தில், ஒருவர் காவல் நிற்க மற்றவர் தொழுங்கள். அஸர் வேளைக்குள் அடிவாரம் வந்துவிட வேண்டும் என்பதைக் குடும்ப விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்திப் பொழுதில் பாதை யானைகளுக்குரியது.

இறங்கி வருகையில் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துணிப்பையைக் கொடுத்து, வழியில் பிறர் எறிந்த புட்டியையும் உறையையும் பொறுக்கச் சொல்லுங்கள். உடைந்த கண்ணாடியைப் பெரியவர் எடுக்கட்டும். பாதையில் இடையூறாகக் கிடப்பதை அகற்றுவதும் தர்மமே என்று பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறோம். செய்து பழக அன்றொரு நாள் வாய்க்கிறது. யார் பை கனமானது என்று அவர்களே போட்டியிடுவர்.

அன்பு வாசகர்களே! பட்டாசு ஆலைக்குச் சென்ற தாயும் தந்தையும் மாலையில் நலமாகத் திரும்பி வரும் வரை வாசலைப் பார்த்திருக்கும் பிள்ளைகள் நிறைந்தவை நம் ஊர்கள். அவ்வூர்களில் ஒழுங்கு என்பது அச்சத்தால் மட்டும் வந்ததன்று. வீட்டில் காத்திருப்போர் மீதுள்ள அன்பால் வந்தது. அதே ஒழுங்கை ஒரு நாள் மலைக்கும் எடுத்துச் செல்லுங்கள். புறப்படுமுன் வீட்டில் இருப்பவரிடம், எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். தீப்பெட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.